பிடரிக் குரல்

ஒச்சம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து பேச்சு நின்றுபோன அந்த வாரத்திலேயே, அவளுடைய குரல் மகள் ராமுத்தாயின் பிடரிக்கு வந்து சேர்ந்தது. சிலருக்கு அம்மாவின் தோடு வரும், சிலருக்கு அம்மாவின் மூட்டுவலி வரும், ராமுத்தாய்க்குக் குரல் வந்தது. போடிநாயக்கனூரில் அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை.

அது முதன்முதலாக வெளியே கேட்டது ஏலக்காய்க் கொட்டகையில். மலையிலிருந்து இறங்கிய காயை முறத்தில் பரப்பி, பருத்த பச்சைக் காய் தனி, வெடித்தது தனி, வெளுத்தது தனி என்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்த முற்பகல் நேரம். மேலே தகரம் சூடேறி முறுகிக்கொண்டிருந்தது, ராமுத்தாயின் விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன, அப்போது கொட்டகை முழுக்கக் கேட்கும்படி ஒச்சம்மாளின் குரல் சொன்னது: "கண்ணப் பொடனியிலயா வச்சிருக்க? வெடிச்சதப் பூராம் நல்ல காயில போடுற. என்னைக்குத்தேன் ஒனக்கு ஒரு வேல ஒழுங்கா வந்துச்சு?"

பக்கத்து முறத்துக்காரி தங்கமாயி எழுந்தே விட்டாள். "மதினி! எந்திரிச்சு நடந்து வந்துட்டீகளா!" என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் வெயில்தான் நின்றது. குரல் மறுபடி பேசியபோதுதான் அது எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கண்டார்கள். ராமுத்தாயின் கொண்டைக்குக் கீழே, கழுத்தெலும்பு தொடங்குகிற இடத்துக் குழி, தவளையின் தொண்டை போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கமாயி அதில் ஒரு விரலை வைத்துப் பார்த்து, "சுடுதுடி," என்றாள். அப்புறம் எல்லோரும் தத்தம் முறத்துக்குத் திரும்பினார்கள், ஏனென்றால் மதியத்துக்குள் மூட்டை முடிய வேண்டியிருந்தது.

ராமுத்தாய்க்குக் குரல் வந்ததில் வியப்பு ஒன்றுமில்லை. விவரம் தெரிந்த நாள்முதல் அது அவளுக்குள்ளே பேசிக்கொண்டுதான் இருந்தது, கோலம் போடும்போது, சோறு வடிக்கும்போது, கல்யாணப் பந்தியில் எந்த வரிசையில் உட்காருவது என்று தயங்கி நிற்கும்போது. சொல்லப்பட்டதில் ஒரு வார்த்தைகூடப் புதிதில்லை. மற்றவர்கள் தலை திருப்பிப் பார்த்தார்களே, அதுதான் புதிது. ரவிக்கை முதுகில் கிழிந்திருப்பது தெரியாமலே இத்தனை காலமும் கடைத்தெருவில் நடந்துவிட்டு வந்தவளைப் போல அவள் முந்தானையை இழுத்துப் பிடரியை மூடிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்தும் அது பேசியது.

ஒச்சம்மாள் கெட்டவள் இல்லை. தெருவில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பவள், ஊரார் பிள்ளைகளை ராசா என்றும் ரத்தினம் என்றும் வாய் நிறையக் கூப்பிடுபவள், மகளிடம் மட்டும் ஒருநாளும் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. பெற்றவள் கண் பட்டால் பிள்ளை விளங்காது என்று அவளுடைய ஆத்தா அவளுக்குச் சொல்லியிருந்தாள். அதனால் மகள் அழகாகச் சீவிச் சிங்காரித்து நின்றால், "மூஞ்சியப் பாரு, கரி மூட்டத்துல உருண்டவ மாதிரி," என்றாள். மகள் வகுப்பில் முதலாவதாக வந்தால், "மத்ததுக பூராம் மக்குகளா இருக்கும்," என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, தூங்குகிற பிள்ளைக்குச் சுற்றிப் போட்டாள். சொன்னது பிள்ளையின் காதில் விழுந்தது. சுற்றிப் போட்டது விழவில்லை.

ஊர் குரலுக்குப் பழகிக்கொண்ட விதம் இப்படி. ஆஸ்பத்திரி டாக்டர் பிடரியை விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுத் தேய்த்துக்கொள்ளத் தைலம் எழுதிக் கொடுத்தார். குறி சொல்கிற கோடாங்கி உடுக்கையைக் கையில்கூட எடுக்கவில்லை. "பேயின்னா வெரட்டலாம் தாயி. இது பெத்த ஆத்தா. ஆத்தாளை நான் எங்குட்டு வெரட்ட?" என்று திருநீறு மட்டும் கொடுத்தனுப்பினார். ஜீப் ஓட்டுகிற கணவன் காசிமாயன், கூலியாட்களை மலைத் தோட்டங்களுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டு வாரக் கடைசியில் வீடு திரும்புகிறவன், சாப்பிடும்போது மாமியார் குரல் கேட்டால் பழைய மரியாதைக்குத் தொடையில் தூக்கிக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொண்டான். பூக்காரி, பால்காரர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர் எல்லோரும் குரல் பேசி முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்து, அப்புறம் ராமுத்தாயிடம் பேசினார்கள்.

ஒச்சம்மாளின் தம்பி பெருமாயி கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். படுத்துக் கிடக்கும் அக்காளின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, மருமகள் ராமுத்தாயைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"எங்க, அக்கா பேசட்டும்."

குரல் பேசவில்லை.

"நீ ஏதாச்சும் வேல செய் தாயி. சும்மா இருந்தா அது எப்படிப் பேசும்? ஒரு காப்பியப் போடு."

ராமுத்தாய் அடுப்பைப் பற்றவைத்தாள். "பாலப் பொங்க விட்ருவா பாரு," என்றது குரல், "காப்பின்னு சொல்லிக் கழனித்தண்ணியக் கொண்டாந்து வப்பா. இவள எவன் தலையில கட்டுறதுன்னு நான் பட்ட பாடு!" பெருமாயி கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் இறங்கியது. "அக்கா கொரலேதான்," என்றார், "அப்படியே மணி மாதிரி! இன்னும் கொஞ்சம் காப்பி போடு தாயி." அன்று மாலைவரை அவர் மருமகளுக்கு வேலை ஏவிக்கொண்டே இருந்தார், துணி மடி, வெங்காயம் உரி, என் பேரனுக்கு ஒரு கடுதாசி எழுது என்று. போகும்போது முகம் தெளிந்து, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவரைப் போலப் போனார். அதற்குப்பின் ஒச்சம்மாளை நினைத்து ஏங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ராமுத்தாய் எல்லோருக்கும் காப்பி போட்டாள்.

கட்டிலில் கிடந்த ஒச்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, "ம்" என்பதுகூட நேராக வராது, கண்கள் மட்டும் மகளின் பின்னாலேயே போய்வரும். ஒருநாள் ராமுத்தாய் கட்டிலோரம் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது குரல் தொடங்கியது. கஞ்சிகூட ஊட்டத் தெரியாத கை என்றது. ஒச்சம்மாள் நல்ல கையை மெல்லத் தூக்கி, ஊர்ந்து ஊர்ந்து, மகளின் தோளைத் தாண்டி, பிடரியில் உள்ளங்கையைப் பொத்தினாள். குரல் நின்றது. தன் வாயைத் தானே பொத்திக்கொள்வதைப் போல அவள் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணில் நீர் நிறைந்து காதுப்பக்கம் வழிந்தது. ராமுத்தாய் அசையவில்லை. கஞ்சி ஆறி ஆடை படிந்தது. பிறந்தது முதல் அவள் தலைக்குள் இப்படியொரு அமைதி இருந்ததில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனதைக்கூட அவள் முழுதாகக் கேட்டாள். ஆனால் கை சோர்ந்து கீழே விழுந்தது, கொட்டகைக்கு நேரமாயிற்று, குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கொட்டகையில்தான் சேதம் அதிகம். உள்ளே பேசிய காலம்வரை குரல் சொன்னதை ராமுத்தாய் ஒருத்திதான் நம்பினாள். வெளியே பேசத் தொடங்கியபின் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பினார்கள். அவள் பொறுக்கிய காயை ஒருநாளும் திருப்பிப் பார்க்காத மேற்பார்வையாளர் சௌந்தரபாண்டி, ஒரு நாள் போகிற போக்கில் அவள் குவியலில் கைவிட்டுப் பார்த்தார். காய் சுத்தமாகத்தான் இருந்தது. "இருந்தாலும்," என்றார், "பெத்த தாயே சொல்லுறாக. சும்மாவா சொல்லுவாக?" அதற்குப்பின் அவள் குவியலை மட்டும் இன்னொருத்தி மறுபடி பொறுக்கினாள். அப்படி ஆனபின் ராமுத்தாயின் விரல்கள் உண்மையிலேயே தடுமாறத் தொடங்கின. வெடித்த காய் நல்ல குவியலில் விழுந்தது. "பாத்தீகளா," என்றது குரல். கொட்டகை தலையசைத்தது.

அப்போதுதான் மகளிர் குழுவுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுக்கத் தேனியிலிருந்து எஸ்தர் மேடம் வந்தார். பருத்திப் புடவை கட்டி, எல்லோரையும் அக்கா என்று கூப்பிடுகிற நல்ல பெண். "நமக்குள்ள பேசுற குரல் பிறக்கும்போதே வந்ததில்ல அக்கா, கத்துக்கிட்டது. கத்துக்கிட்டத மாத்தியும் கத்துக்கலாம்," என்றார்.

ராமுத்தாய் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். எழுந்ததும் குரல், "ஒக்காருடி, சபையில பேசவா ஒனக்குத் தெரியும்?" என்றது. உட்காரப் போனவள், உட்காராமல் கேட்டாள்: "மத்தவுகளுக்கு உள்ள கேக்கும் மேடம். எனக்கு வெளிய கேக்குதே, என்ன செய்ய?"

எஸ்தர் மேடம் கிட்டே வந்தார். "மத்தவங்களுக்கு அது யார் குரல்னே தெரியாது அக்கா, தன் குரல்னு நெனச்சுக்குவாங்க. உங்களுக்குத் தெரியுதுல்ல? யாரு சொன்னான்னு அதையே திருப்பிக் கேளுங்க. அப்புறம் அதுக்கு நல்ல வார்த்தையா சொல்லிக் குடுங்க, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குற மாதிரி."

வீட்டுக்கு வந்து, கொல்லையில் துணி அலசிக்கொண்டே ராமுத்தாய் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் வராதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அவள் இரண்டு துணியை அலசிப் பிழிந்து போட்டாள். அப்புறம், ஒச்சம்மாள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பேசியிருக்கக்கூடிய மாதிரி, குரல் மெலிந்து, "எங்காத்தா சொன்னா," என்றது.

"ஒங்காத்தாளுக்கு?"

"அவ ஆத்தா."

ராமுத்தாய் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் அது போய்க்கொண்டே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். "சொல்லு. ராமுத்தா நல்லாக் காய் பொறுக்குவா."

"ராமுத்தா நல்லாக் காய் பொறுக்குவாளாம்," என்றது குரல்.

"ஆம் வேணாம். பொறுக்குவா."

"பொறுக்குவாளாம்! பெருசா!"

அந்த ஆம் ஒன்றுதான் போகவில்லை. ராமுத்தாய் பெற்றவளை நல்லாப் பார்த்துக்கொள்கிறாளாம். ராமுத்தாய் முகம் லட்சணமாம். வாக்கியம் அத்தனையும் சரியாக வரும், கடைசியில் அந்த ஆம் வந்து மொத்தத்தையும் எச்சில் ஆக்கிவிடும். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது, புதுக் காய் வரத்துத் தொடங்கி முடிந்தது, ராமுத்தாய் முறத்துக்கு முன்னாலும் தண்ணீர்க் குழாயடியிலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். தெருவில் சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு ஓடின, பொறுக்குவாளாம், பொறுக்குவாளாம் என்று.

அந்த நாட்களில் ராமுத்தாய்க்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. அது அவளுடைய மகள் சங்கவி. பிரசவ வார்டில் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கிய அன்றே, தன் வாயிலிருந்து ஒரு சுடுசொல் இந்தப் பிள்ளைமேல் விழாது என்று ராமுத்தாய் தனக்குள் சொல்லிக்கொண்டாள்; அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். தட்டை உடைத்தாலும், கணக்கில் தோற்றாலும், "என் தங்கம்," என்றுதான் சொன்னாள். சங்கவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அமைதியான பெண். ஒச்சம்மாளைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். செவிலியர் படிப்புக்கு அவளே விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று மகளைப் பார்க்கும்போதெல்லாம் ராமுத்தாய் நினைப்பாள். அதை நினைக்கும்போது மட்டும் குரல் ஒன்றும் சொல்லாது.

ஒச்சம்மாள் சித்திரையில் இறந்தாள். குரலும் உடம்போடு போய்விடும் என்றுதான் ஊர் நினைத்தது; சிலர் அதை வழியனுப்பவென்றே வந்திருந்தார்கள். பாடைத் தேர் கட்டி, குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து, உடலைத் தூக்கும் நேரம் ராமுத்தாய் மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அப்போது அவள் பிடரியிலிருந்து, இறந்தவளின் குரல் தெளிவாகச் சொன்னது: "அழுகக்கூட ஒழுங்கா அழுகத் தெரியல பாரு."

கூட்டம் ராமுத்தாயின் பிடரியைப் பார்த்தது. அப்புறம் தங்கமாயி, மூக்கைச் சிந்திக்கொண்டே, "மதினி எங்கயும் போகல," என்றாள். பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. பெருமாயி கையெடுத்துக் கும்பிட்டார். ராமுத்தாய் அழுகையை நிறுத்திவிட்டாள். அப்புறம் பதினாறாம் நாள் காரியம் வரை அவளுக்கு அழுகை வரவே இல்லை.

ஆனாலும் அவள் விடவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள், கொட்டகைத் தகரத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, ராமுத்தாய் வழக்கம்போல முணுமுணுத்தாள், குரல் வழக்கம்போலத் திருப்பிச் சொன்னது: "ராமுத்தா நல்லாக் காய் பொறுக்குவா."

அவள் விரல்கள் நின்றன. "கேட்டீகளா?" என்று தங்கமாயியின் தொடையைப் பிடித்தாள். "ஆம் இல்லாமச் சொல்லிருச்சு! கேட்டீகளா?"

"மழையில என்னத்தக் கேக்க?" என்றாள் தங்கமாயி. "ஆமின்னுதான் சொல்லிருக்கும். ஒனக்கு நெனப்பு."

சௌந்தரபாண்டிக்கும் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள், குரல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் கேட்டிருந்தாள். அன்று முழுக்க அவள் முறத்தில் ஒரு காய்கூட இடம் மாறி விழவில்லை. மறுவாரம் சங்கவிக்குத் தேனியில் நேர்முகத் தேர்வு. மகளுக்குத் தலை பின்னி, மல்லிகை வைத்து, தானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல ராமுத்தாய் பஸ் ஏறினாள்.

கல்லூரி அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. பெரிய மேடம் ஒருவர் கண்ணாடிக்கு மேலாக, தாயோடு வந்து நின்ற சங்கவியைப் பார்த்தார். "மார்க் நல்லா இருக்கு. படுத்த படுக்கையா இருக்கிறவங்களப் பாத்திருக்கியாம்மா? படுக்கைப் புண் வராம இருக்க என்ன செய்வ?"

சங்கவிக்குத் தெரியும். அவள் கைகளுக்கே தெரியும். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் பின்னலுக்குக் கீழே, மல்லிகைக்கு அடியில், பிடரிக் குழி ஏறி இறங்கியது, ஒரு குரல் சொன்னது: "நமக்கு என்ன தெரியும்? நமக்கு எதுக்கு இதெல்லாம்? படிச்சவுக இருக்குற எடத்துல நமக்கு என்ன வேல? வா, வீட்டுக்குப் போவோம்."

ஒச்சம்மாளின் குரல் இல்லை அது. ராமுத்தாயின் குரல்.

அறையில் யாரும் அதிரவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர், "இப்ப நெறையப் பிள்ளைகளுக்கு வருது மேடம்," என்றார். "கொஞ்சம் வெளிய போயிப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்கம்மா," என்றார் பெரிய மேடம், கோபமில்லாமல், அடுத்த பிள்ளையின் தாளை எடுத்துக்கொண்டே.

வெளியே தாழ்வாரத்தில் ராமுத்தாய் மகளின் தோளைப் பிடித்தாள். "ஒனக்குத் தெரியும்டி. ஆத்தாளை நீதான பாத்த? உள்ள போயிச் சொல்லு. போ தங்கம்."

"நமக்கு எதுக்கு?" என்றது பிடரி, அதே குரலில்.

சங்கவி அம்மாவின் வாயைப் பார்த்தாள். இரண்டும் அம்மாவின் குரல்தான். ஒன்று இன்று பேசுவது. மற்றது பிறந்தது முதல் கேட்டது. துணிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்து, நம்ம மூஞ்சிக்கு இது எதுக்கு என்று மடித்து வைத்தபோது கேட்டது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு, நான் வந்து என்னத்தப் பேச என்று போகாமல் நின்றபோது கேட்டது. பந்தியில் கடைசி வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு ஒதுங்கி நின்றபோது கேட்டது.

"நீதானம்மா சொன்ன," என்றாள் சங்கவி.

"ஒன்னச் சொல்லலயேடி! ஒரு நாள் ஒரு பொழுது ஒன்ன ஒரு சொல்லுச் சொல்லியிருப்பனா? நான் என்னையத்தானே சொன்னேன்!"

"நான் ஒன் மகதானம்மா," என்றாள் சங்கவி. குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, ஊர்ப் பெயர் கேட்டவருக்கு ஊர்ப் பெயர் சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுச் சான்றிதழ்களைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

ராமுத்தாய் கெஞ்சினாள், அதட்டினாள், கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்து அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். சங்கவி வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள், நிதானமாக, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு.

போடி பஸ்ஸில் கூட்டம். முன்னும் பின்னுமாக இடம் ஒதுக்கி, மகளையும் தாயையும் உட்காரவைத்தார்கள். சங்கவி ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ராமுத்தாய் மகளின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் குழி மெல்ல ஏறி இறங்கியது. மகளுக்கு நல்ல வார்த்தை சொல்லிப் பயனில்லை என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. வயது இன்னும் மிச்சம் இருக்கிறது, வாயும் இருக்கிறது, தன்னைப் பற்றி வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.  முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லியிராத அதை, மகளுக்குக் கேட்க வேண்டுமே என்று, பஸ் சத்தத்துக்கு மேலே, சற்றுக் கத்தியே சொன்னாள்:

"நான் கெட்டிக்காரி!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடத்துனர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார்.

சங்கவி கண்ணைத் திறக்கவில்லை. "சும்மா இரும்மா," என்றாள், தன் வாயால், தன் குரலில். "ஆளுக பாக்குறாக."